டெங்கு வைரஸின் மேலுறையை உருவாக்குவது யார்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய சில வாரங்களில் எங்கள் காய்ச்சல் பிரிவின் படுக்கைகள் நிரம்பிவிடுகின்றன. நோயாளியின் அருகே கண்விழித்து அமர்ந்திருக்கும் உறவினர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் மூன்று, ஆண்டுதோறும் மாறாமல் திரும்ப வருகின்றன. “டெங்கு என்று சொல்லிவிட்டீர்கள், கிருமியைக் கொல்ல ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுகிறீர்களே, ஏன்?” என்பது முதற்கேள்வி. “மூன்று வருடத்துக்கு முன்பே இவனுக்கு டெங்கு வந்து போய்விட்டது, இந்தமுறை லேசாகத்தானே இருக்கும்?” என்பது இரண்டாவது. “காய்ச்சல் விட்டு உடம்பு குளிர்ந்துவிட்டதே, இன்னும் எதற்காக இங்கே இருக்க வேண்டும்?” என்பது மூன்றாவது.

ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் இம்மூன்று கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் தொடங்குகிறது. அந்த இடம் நம் உடலின் செல். கொசுக்கடியின் வழியே உள்ளே புகுந்த வைரஸ் தன் மேலுறையை அங்கேதான் பெறுகிறது. அந்த உறையை அதற்கு உருவாக்கித் தருபவை நம் செல்லின் கருவிகளே. இந்த ஒரு செய்தியை விளங்கிக்கொண்டால், மருத்துவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதும், எந்த நேரத்தில் நீங்கள் கூடுதல் விழிப்புடன் இருக்க வேண்டும் என்பதும் தெளிவாகும். ஆகவே இவ்விதழில் அதனைச் சற்று விரிவாகவே எடுத்துரைக்கிறோம்.

வெறுங்கையோடு வரும் வைரஸ்

டெங்கு வைரஸ் மிகச் சிறியது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 50 நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெங்கு வைரஸ்களை வரிசையாக வைத்துவிடலாம். அதனுள்ளே இருப்பது ஆர்.என்.ஏ. எனப்படும் ஒற்றை இழை. அவ்விழையில் ஏறத்தாழ 10,700 எழுத்துகளில் ஒரு செய்முறைக் குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. அக்குறிப்பிலிருந்து உருவாகும் புரதங்கள் மொத்தம் 10. மனித உடலிலோ புரதம் உருவாக்கும் மரபணுக்கள் மட்டும் 20,000 அளவில் உள்ளன.

பத்தே புரதங்களை வைத்துக்கொண்டு எந்த உயிரும் தனித்து வாழ இயலாது. புரதம் உருவாக்கும் இயந்திரம், அதனை மடித்து வடிவமாக்கும் உதவியாளர்கள், சர்க்கரை பூசும் நொதிகள், வேண்டாத பகுதியை வெட்டி நீக்கும் நொதிகள், முடிந்த பொருளை வெளியே கொண்டுசெல்லும் பைகள் ஆகிய எவையும் வைரஸிடம் பெரும்பாலும் கிடையாது. அது கொண்டுவருவது செய்முறைக் குறிப்பு ஒன்றை மட்டுமே. அடுப்பு, பாத்திரம், விறகு, சமைக்கும் கைகள் எல்லாம் நம்முடையவை.

பாக்டீரியாக்களோ தமக்கென்று தனி இயந்திரங்கள் உடையவை. அவற்றின் செல்சுவரும் புரதம் உருவாக்கும் முறையும் நம்முடையவற்றிலிருந்து வேறுபட்டவை. அதனால் நம் செல்களைத் தொடாமல் அவற்றை மட்டும் தாக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளை உருவாக்க முடிந்தது. டெங்குவில் அம்மருந்துகளுக்கு வேலையில்லாமல் போவதற்குக் காரணம் இதுவே.

ஒரு சங்கிலியும் இரண்டு கத்திகளும்

வைரஸின் ஆர்.என்.ஏ. செல்லுக்குள் விடுபட்டவுடன், நம் ரைபோசோம்கள் அதனைத் தம் சொந்தச் செய்தி போலவே படிக்கத் தொடங்குகின்றன. படித்து முடிக்கும்போது ஏறத்தாழ 3,390 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே நீளமான புரதச் சங்கிலி உருவாகிறது. பத்துப் புரதங்களும் வெட்டப்படாத பூச்சரம் போல அதில் தொடர்ந்து நிற்கின்றன.

இச்சங்கிலி உருவாகும் இடம் எண்டோபிளாச வலைப்பின்னல். செல்லின் மேற்பரப்புக்கோ செல்லுக்கு வெளியேயோ செல்லவேண்டிய புரதங்கள் முதலில் நுழையும் பணிக்கூடம் இதுவே. வைரஸின் சங்கிலி இவ்வலைப்பின்னலின் சவ்வை நூல் கோத்த ஊசி போல உள்ளும் புறமுமாகத் துளைத்துச் செல்கிறது. சவ்வின் வெளிப்புறம் அமைந்த இணைப்புகளை வைரஸ் தன்னுடைய சொந்த நொதியால் வெட்டிக்கொள்கிறது. உட்புறம் அமைந்த இணைப்புகளுக்கு அதனிடம் கத்தி இல்லை. அங்கே வெட்டுவது ‘சிக்னல் பெப்டிடேஸ்’ என்னும் நம் செல்லின் நொதி. கணையத்தில் இன்சுலின் உருவாகும்போது, அதன் மூலப் புரதத்திலிருந்து முதல் துண்டை நீக்குவதும் இதே நொதிதான்.

இவ்வாறு பிரிந்துவரும் புரதங்களுள் இரண்டு, வைரஸின் மேற்பரப்பை அமைப்பவை. ஆய்வாளர்கள் அவற்றை ‘இ’ என்றும் ‘பிஆர்எம்’ என்றும் குறிப்பிடுவர். இக்கட்டுரையில் முன்னதை உறைப் புரதம் என்றும் பின்னதைக் காப்புப் புரதம் என்றும் அழைப்போம். உறைப் புரதம் செல்லில் ஒட்டிக்கொள்வதற்கும் உள்ளே நுழைவதற்கும் உரியது. காப்புப் புரதத்தின் வேலை என்ன என்பதைச் சற்றுப் பின்னர் காண்போம்.

சர்க்கரைக் கிளையும் தரப் பரிசோதனையும்

வலைப்பின்னலுக்குள் வந்த புரதங்களின் குறிப்பிட்ட இடங்களில், 14 சர்க்கரை மூலக்கூறுகள் கொண்ட ஒரு கிளையை நம் நொதிகள் பொருத்துகின்றன. சர்க்கரை என்றவுடன் நீரிழிவு நோயாளிகள் கவலைப்பட வேண்டாம். இரத்தத்தில் அளக்கப்படும் சர்க்கரைக்கும் இதற்கும் தொடர்பில்லை. நம் உடலின் எண்ணற்ற புரதங்கள் இப்படிச் சர்க்கரை சூடித்தான் பிறக்கின்றன.

கிளையின் நுனியிலுள்ள மூன்று குளுக்கோஸ் மூலக்கூறுகளை வேறு நொதிகள் ஒவ்வொன்றாக நறுக்குகின்றன. ஒன்று மீதமிருக்கும் நிலையில், ‘கால்நெக்சின்’ என்னும் உதவிப் புரதம் அதனைப் பிடித்துக்கொண்டு, புரதம் சரியாக மடியும் வரை துணைநிற்கிறது. சரியாக மடிந்தவை மேலே அனுப்பப்படும். மடியாதவை திரும்பவும் சோதிக்கப்பட்டு, இறுதியில் அழிக்கப்படும். பழுதான பொருள் வெளியே போகக்கூடாது என்பதற்காக நம் செல் வைத்திருக்கும் இந்தத் தரப் பரிசோதனையின் பயனை டெங்குவின் உறைப் புரதமும் பெற்றுக்கொள்கிறது.

டெங்கு சந்தேகிக்கப்படும் முதல் நாட்களில் நாங்கள் செய்யச் சொல்லும் என்.எஸ்.1 பரிசோதனை உங்களுள் பலருக்குத் தெரிந்திருக்கும். அப்பரிசோதனை தேடும் என்.எஸ்.1 புரதமும் இதே பணிக்கூடத்தில் வெட்டப்பட்டு, சர்க்கரை பொருத்தப்பட்டு வெளிவருவதே. அது வைரஸின் உடலில் சேர்வதில்லை. பாதிக்கப்பட்ட செல்லிலிருந்து இரத்தத்தில் பெருமளவு கலக்கிறது. அதனால்தான் அதனை எளிதில் கண்டறிய முடிகிறது.

கூர்முனையை மூடும் உறை

உறைப் புரதமும் காப்புப் புரதமும் சேர்ந்து, ஆர்.என்.ஏ.வைச் சூழ்ந்து, வலைப்பின்னலின் சவ்வை ஒரு போர்வையாக இழுத்துக்கொண்டு மொட்டுவிடுகின்றன. அப்போது உருவாகும் வைரஸ் முழுமையடையாதது. அதன் மேற்பரப்பில் 60 முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முள்ளிலும் மூன்று உறைப் புரதங்களும் அவற்றை மூடிய மூன்று காப்புப் புரதங்களும் இருக்கும்.

இந்த மூடி எதற்காக? டெங்கு வைரஸ் ஒரு புதிய செல்லுக்குள் நுழையும்போது, முதலில் ஒரு சிறு பைக்குள் அடைபடுகிறது. அப்பையின் அமிலத்தன்மை கூடியவுடன் உறைப் புரதத்தின் கூர்முனை வெளிப்பட்டு, பையின் சவ்வில் குத்தி வழி திறக்கிறது. அமிலமே அதன் விசை. ஆனால் உருவாகி வெளியேறும் வழியிலும் வைரஸ் ஓர் அமிலப் பகுதியைக் கடந்தாக வேண்டும். கோல்கை உறுப்பின் கடைசிப் பகுதியே அது. அங்கேயே கூர்முனை வெளிப்பட்டுவிட்டால், பிறந்த செல்லிலேயே வைரஸ் வீணாகிவிடும். கொல்லன் பட்டறையிலிருந்து வெளியூர் செல்லும் அரிவாளின் முனைக்குத் தோலுறை போடுவது போல, காப்புப் புரதம் அந்தக் கூர்முனையை மூடிக்கொண்டு உடன் செல்கிறது.

கோல்கையின் அமிலம் வைரஸின் தோற்றத்தையே மாற்றுகிறது. நீட்டிக்கொண்டிருந்த 60 முட்களும் படுத்துவிடுகின்றன. 180 உறைப் புரதங்களும் இரண்டிரண்டாக இணைந்து 90 இணைகளாக மேற்பரப்பில் பாய் விரித்தது போல அமைகின்றன. அதுவரை மறைந்திருந்த ஒரு வெட்டுமிடம் இப்போது வெளியே தெரிகிறது. கோல்கையில் காத்திருக்கும் ‘ஃபியூரின்’ என்னும் நம் நொதி, பாக்குவெட்டி பாக்கை நறுக்குவது போல, அந்த இடத்தில் காப்புப் புரதத்தை நறுக்குகிறது.

நறுக்கப்பட்ட துண்டு உடனே விழுந்துவிடுவதில்லை. அமிலம் இருக்கும் வரை அது கூர்முனையின் மீதே ஒட்டிக்கொண்டிருக்கும். செல்லைவிட்டு வெளியேறி, அமிலமற்ற இரத்த நீரைத் தொட்டவுடன் உதிர்ந்துவிடும். அந்தக் கணத்தில்தான் வைரஸ் முழுமையடைந்து, அடுத்த செல்லைத் தாக்கும் திறனைப் பெறுகிறது. கடைசி வெட்டு நம்முடைய நொதியால் நிகழ்ந்தது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

கொசுவுக்குள்ளும் இதே கதை

ஏடிஸ் எஜிப்தி கொசு வெறும் ஊர்தி அன்று. நோயாளியின் இரத்தத்தை உறிஞ்சிய கொசுவின் குடலில் வைரஸ் முதலில் பெருகி, பின்னர் உமிழ்நீர்ச் சுரப்பிகளை அடைகிறது. இதற்குப் பொதுவாக 8 முதல் 12 நாட்கள் ஆகின்றன. அந்நாட்களில் கொசுவின் செல்களிலுள்ள வலைப்பின்னலும் கோல்கையும் ஃபியூரினை ஒத்த நொதியும் வைரஸுக்கு அதே வேலையைச் செய்து தருகின்றன. பூச்சிக்கும் மனிதனுக்கும் இடையே எவ்வளவோ தொலைவு இருப்பினும், செல்லின் இந்த அடிப்படைக் கருவிகள் பெரிதும் ஒத்தவை. இரு வேறு உயிரினங்களில் மாறிமாறி வாழ வைரஸால் முடிவது இதனால்தான்.

ஒரு வேறுபாடும் உண்டு. பூச்சியின் செல்கள் பொருத்தும் சர்க்கரைக் கிளைகள் எளியவை. ‘மேனோஸ்’ என்னும் சர்க்கரை மிகுந்தவை. நம் தோலின் அடியிலிருக்கும் காவல் செல்கள் சிலவற்றின் மேற்பரப்பில், மேனோஸைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம் உள்ளது. அந்நியக் கிருமியைப் பிடிப்பதற்காக அமைந்த அந்தக் கையையே பற்றிக்கொண்டு டெங்கு வைரஸ் உள்ளே ஏறுகிறது. கொசு கடித்த இடத்தில் முதலில் நோயுறுபவை இக்காவல் செல்களே.

டெங்கு மட்டுமே இவ்வழியைக் கையாளுகிறது என்று எண்ண வேண்டாம். சிக்குன்குனியா வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ். சென்னையில் 1964ஆம் ஆண்டிலேயே அது பரவியது. 2005-2006ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் மீண்டும் பரவி மூட்டுவலியால் பலரை முடக்கியதை உங்களுள் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் மேற்பரப்பில் 80 முட்கள் உள்ளன. அதன் முட்புரதத்திலும் ஒரு சிறு மூடி உண்டு. அதனை வெட்டுவதும் ஃபியூரினே. கொரோனா வைரஸின் முட்புரதத்திலும் இந்நொதி வெட்டும் இடம் ஒன்று இருக்கிறது.

கத்தியைப் பிடுங்கிவிட்டால் என்ன?

வைரஸ் நம் ஃபியூரினை நம்பியிருக்கிறது என்றால், அதனை நிறுத்திவிட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஃபியூரின் வைரஸுக்காகப் படைக்கப்பட்டதன்று. இன்சுலினை ஏற்கும் புரதத்தைப் பக்குவப்படுத்துவது அது. இரத்தம் உறைவதற்கு இன்றியமையாத வான் வில்லிபிராண்ட் காரணியைச் சீர்செய்வதும் அது. ஃபியூரின் இல்லாத எலிக்கருக்கள் பிறப்பதற்கு முன்பே இறந்துவிடுகின்றன. இரத்தக்கசிவு அஞ்சப்படும் ஒரு நோயில் இத்தகைய நொதியைத் தடுப்பது எளிதான முடிவாக இருக்க முடியாது.

இருப்பினும் ஆய்வாளர்கள் முயலாமல் இல்லை. ஆஸ்திரேலியாவில் வளரும் ஒரு மரத்தின் விதைகளிலிருந்து கிடைத்த வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்டு ‘செல்கோசிவிர்’ என்னும் மருந்து உருவாக்கப்பட்டது. மேலே குறிப்பிட்ட சர்க்கரைக் கிளையின் நுனியை நறுக்கும் நொதியைத் தடுப்பது அதன் வேலை. நறுக்கப்படாவிட்டால் வைரஸின் புரதங்கள் சரியாக மடியாது என்பது எதிர்பார்ப்பு. ஆய்வுக்கூடத்திலும் எலிகளிலும் அது நன்றாகவே செயல்பட்டது. சிங்கப்பூரில் டெங்கு நோயாளிகள் 50 பேரிடம் அது சோதிக்கப்பட்டது. முடிவுகள் 2014ஆம் ஆண்டு வெளியாயின. மருந்து பாதுகாப்பானதாகவே இருந்தது. ஆனால் வைரஸின் அளவையோ காய்ச்சலையோ அது குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை.

2016ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு சற்று நம்பிக்கை தருகிறது. மனிதச் செல்களின் மரபணுக்களை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்து பார்த்தபோது, சிக்னல் பெப்டிடேஸ் தொகுதியின் ஒரு துணைப் புரதம் இல்லாத செல்களில் டெங்கு, ஜிகா போன்ற வைரஸ்களின் பெருக்கம் பெரிதும் குறைந்தது. செல்லின் சொந்த வேலைகளோ பெரிய குறையின்றி நடந்தன. நமக்கு அவ்வளவாக வேண்டாததும் வைரஸுக்கு இன்றியமையாததுமான ஓர் உறுப்பு நம் கருவிகளுக்குள் இருக்கக்கூடும் என்பதை இது காட்டுகிறது. எச்.ஐ.வி.க்கும் ஹெபடைடிஸ் சி-க்கும் எதிராக, அவ்வைரஸ்களின் சொந்த வெட்டு நொதியைத் தடுக்கும் மருந்துகள் வெற்றி கண்டன. அதே நோக்கில் டெங்கு வைரஸின் சொந்தப் புரதங்களைக் குறிவைக்கும் ஆய்வுகளும் நடைபெற்று வருகின்றன. எனினும் டெங்குவைக் குணப்படுத்தும் வைரஸ் எதிர்ப்பு மருந்து எதுவும் இதுவரை பயன்பாட்டுக்கு வரவில்லை.

முழுமையடையாத வைரஸ் விட்டுச்செல்லும் வினை

டெங்கு வைரஸின் வெட்டுமிடத்தின் அருகே உள்ள ஓர் அமினோ அமிலம் ஃபியூரினுக்கு அத்துணை உகந்ததன்று. அதனால் வெட்டு பலமுறை அரைகுறையாகவே முடிகிறது. ஆய்வுக்கூடச் செல்களில் வளர்க்கப்பட்ட டெங்கு வைரஸ்களுள் கணிசமானவை, மூடி முழுவதும் நீங்காமலேயே வெளிவருகின்றன. கூர்முனை மூடப்பட்டிருப்பதால் அவற்றால் தாமாக ஒரு செல்லுக்குள் நுழைவது கடினம். பயனற்ற குப்பை என்றே ஒருகாலத்தில் அவை கருதப்பட்டன.

ஆனால் நம் உடல் அவற்றைப் பார்த்தும் எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. காப்புப் புரதத்திற்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருள்களுள் பல, வைரஸை அழிக்கும் வலிமையற்றவை. ஒட்டிக்கொள்ள மட்டுமே தெரிந்தவை. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகையால் நோயுற்றவருக்கு அவ்வகைக்கு எதிராக நீண்டகாலப் பாதுகாப்பு கிடைக்கிறது. மற்ற மூன்றுக்கு எதிரான பாதுகாப்போ சில மாதங்களில் தேய்ந்துவிடுகிறது. பின்னர் வேறொரு வகை வரும்போது, பழைய எதிர்ப்பொருள்கள் அதன்மேல் அரைகுறையாக ஒட்டுகின்றன. எதிர்ப்பொருள் ஒட்டிய எதனையும் விழுங்குவது நம் காவல் செல்களின் இயல்பு. ஆகவே அவை வைரஸைத் தாமே உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மூடி நீங்காத வைரஸ்களும் இவ்வழியில் நுழைந்துவிடுகின்றன. உள்ளே சென்றபின் அங்குள்ள ஃபியூரின் மீதமிருந்த மூடியையும் நறுக்கிவிடுகிறது. வெளியே முடியாத வேலை உள்ளே முடிகிறது.

இதன் விளைவைக் கியூபா நாடு கண்டது. அங்கே 1977ஆம் ஆண்டு டெங்கு முதல் வகை பரவியது. பலருக்கு லேசான காய்ச்சலாகவே அது கழிந்தது. 1981ஆம் ஆண்டு இரண்டாம் வகை வந்தபோது, 3,40,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 158 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். முதல் பரவலுக்குப் பின்னர் பிறந்த ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகளிடம் கடுமையான டெங்கு அரிதாகவே காணப்பட்டது. முன்பு தொற்றியவர்களே கூடுதல் இடருக்கு உள்ளாயினர் என்பதற்கு அது தெளிவான சான்றாயிற்று.

தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள்கள் தேய்ந்துவரும் நிலையிலுள்ள, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதல் தொற்றே கடுமையாகக்கூடும் என்பதற்கும் இதுவே விளக்கம். டெங்குவுக்கென முதலில் வந்த தடுப்பூசி, முன்பு டெங்கு வராதவர்களுக்கு ஒரு முதல் தொற்றைப் போலவே அமைந்து பின்னாளில் இடரைக் கூட்டியதால், 2018 முதல் முன்தொற்று உள்ளதா எனச் சோதித்தபின்னரே அதனை அளிக்க உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இரண்டாம் தொற்று பெறுவோருள் பெரும்பாலோர் நலமாகவே மீள்கின்றனர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். அஞ்ச வேண்டியதில்லை, அலட்சியம் மட்டும் கூடாது.

மூன்று கேள்விகளுக்கும் விடை

கிருமியைக் கொல்லும் ஊசியை நாங்கள் போடாதிருப்பது, அப்படியொன்று இல்லாததால். அதனை வைத்துக்கொண்டு மறுப்பதால் அன்று. வைரஸ் பயன்படுத்துவது நம் கருவிகளை. அவற்றை முடக்கினால் முடங்குவது நாமும்தான். நல்வாய்ப்பாக, வைரஸை அழிக்கும் பொறுப்பை நம் உடல் சில நாட்களிலேயே நிறைவேற்றிவிடுகிறது. அதுவரை இரத்த ஓட்டம் குன்றாமல் காப்பதே மருத்துவம். நீங்கள் வெறும் குளுக்கோஸ் என்று நினைக்கும் அந்த உப்புநீர், அளவறிந்து ஏற்றப்படும்போது உயிர்காக்கும் மருந்தாகிறது. கடுமையான டெங்குவில் நூற்றுக்கு இருபது வரை செல்லக்கூடிய இறப்பு, முறையான பராமரிப்பில் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே குறைகிறது.

முன்பே ஒருமுறை டெங்கு வந்தவர் என்றால், அச்செய்தியைச் சேர்க்கையின்போதே எங்களிடம் சொல்லுங்கள். அது ஆறுதலுக்குரிய செய்தி என்று எண்ணி மறைத்துவிடாதீர்கள். பழைய பரிசோதனைச் சீட்டுகள் இருந்தால் உடன் கொண்டுவாருங்கள்.

மூன்றாவது கேள்வியே எங்களை மிகவும் கவலைக்குள்ளாக்குவது. காய்ச்சல் தணியும் நாளில் இரத்தத்தில் வைரஸ் குறையத் தொடங்கியிருக்கும். ஆனால் அதற்கு எதிராகத் திரண்ட நம் எதிர்ப்பாற்றலும், இரத்தத்தில் கலந்த என்.எஸ்.1 புரதமும் நுண்ணிய இரத்தக்குழாய்களின் உட்சுவரைத் தளர்த்திவிடுகின்றன. இரத்த நீர் குழாயைவிட்டு வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் கசிகிறது. நோய் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், பெரும்பாலும் காய்ச்சல் விட்ட 24 முதல் 48 மணி நேரத்தில் இது நிகழ்கிறது. உடல் குளிர்ந்தது நலத்தின் அடையாளமாகவும் இருக்கலாம், இரத்த ஓட்டம் குன்றியதன் அடையாளமாகவும் இருக்கலாம். எது என்று அறிவதற்காகவே இரத்த அழுத்தம், நாடி, சிறுநீரின் அளவு, ஹீமட்டோகிரிட் ஆகியவற்றை மீண்டும் மீண்டும் பார்க்கிறோம். தட்டணுக்களின் எண்ணிக்கை ஒன்றை மட்டும் பார்த்து மகிழவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். இரத்தக்கசிவு இல்லாத நோயாளிக்கு, எண்ணிக்கை குறைந்தது என்பதற்காக மட்டும் தட்டணு ஏற்றுவது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளும்படி அனுப்பப்பட்டவர்களின் குடும்பத்தார், கீழ்க்காணும் அறிகுறிகளுள் ஒன்று தென்பட்டாலும் காத்திராமல் மருத்துவமனைக்கு வர வேண்டும்:

• கடுமையான அல்லது தொடர்ந்த வயிற்றுவலி
• விடாத வாந்தி
• பல் ஈறு, மூக்கு ஆகியவற்றில் இரத்தக்கசிவு, கருநிற மலம், வழக்கத்தைவிட மிகுந்த மாதவிடாய்
• மிகுந்த சோர்வு, தூக்கக் கலக்கம் அல்லது காரணமற்ற அமைதியின்மை
• கை கால் சில்லிட்டு வியர்த்தல், எழுந்தால் தலைசுற்றல்
• ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழியாமை
• மூச்சுத் திணறல், வயிறு உப்புதல்

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், மருத்துவர் சொன்ன அளவில் கொடுங்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகள் இரத்தக்கசிவைத் தூண்டக்கூடும், அவற்றைத் தவிர்க்கவும். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல், பழச்சாறு ஆகியவற்றை அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுத்துவாருங்கள். பப்பாளி இலைச் சாறோ வேறு கைமருந்தோ கொடுப்பதாயின் எங்களிடம் மறைக்காமல் கூறுங்கள்; கண்காணிப்புக்கு அவை மாற்றாக மாட்டா.

நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்கவைக்குமாறு நாங்கள் வற்புறுத்துவதன் காரணமும் இப்போது விளங்கியிருக்கும். காய்ச்சல் நாட்களில் அவரைக் கடிக்கும் கொசுவின் செல்களிலும் வைரஸ் புதிய உறை பெற்று, இரண்டு வாரத்துக்குள் அதே வீட்டில் மற்றொருவரைத் தேடிவரும். வாரத்துக்கு ஒருமுறை குடம், தொட்டி, பூச்சாடித் தட்டு, குளிர்பெட்டியின் பின்புறத் தட்டு ஆகியவற்றின் நீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். பழைய டயர்களையும் தேங்காய்ச் சிரட்டைகளையும் மழை படாமல் அகற்றுங்கள்.

நம் செல்லுக்குள் நுழைந்துவிட்ட வைரஸுக்கு நம் கருவிகளை மறுக்கும் வழி இன்னும் நம் கைக்கு வரவில்லை. அது நுழையும் வாசலை அடைப்பதும், நுழைந்துவிட்டால் ஆபத்தான அந்த இரண்டு நாட்களைக் கண்ணை இமை காப்பது போலக் காத்துக் கடப்பதும் நம்மால் இயலும். படுக்கையருகே விழித்திருக்கும் உங்கள் கண்களும் எங்கள் சிகிச்சையின் ஒரு பகுதியே. ஐயம் எதுவாயினும், எந்த நேரமாயினும், பணியிலிருக்கும் செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள்.